ரோட்டோரம் பத்தடி

சிறு விவசாயி, பெரு விவசாயி என்று அரசாங்கம் இரண்டு வகை வைத்திருக்கிறது. மூன்றாவது வகை ஒன்று அதன் கண்ணில் படவில்லை: ரோட்டோர விவசாயி. சூலூர் பக்கம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போயிருந்தால் இவருடைய வேளாண்மையைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். தாங்கள் பார்ப்பதற்காகத்தான் அவர் அதைச் செய்கிறார்.

திருமூர்த்தி இந்த வகை. கரிசல் மண், ஆறு ஏக்கர். மழை பெய்தால் நாலு தடவை டிராக்டர் விட்டு, மண்ணை மாவாக்கி, அதற்கப்புறம்தான் கொண்டைக்கடலை விதைப்பார். அவ்வளவு புரட்டினால் அடி ஈரம் வெயிலோடு போய்விடும் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? உழாத நிலத்தைப் பார்த்தால், வீடு நொடித்துப்போயிற்று என்றல்லவா ஊர் பேசும்? அதுவும் மகள் நித்யஸ்ரீக்குப் பெருந்துறையில் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கும் சமயத்தில்?

பக்கத்து நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்திருந்த மயில்சாமிக்குப் பெருந்துறைக் கவலை இல்லை. ஐப்பசி மழை விட்டதும், சோளம் அறுத்த கட்டை நிற்க நிற்க, உழாமலே, மாடு பூட்டிய விதைப்பு மிஷினை ஒரே ஓட்டாக ஓட்டிவிட்டார்.

"ஏப்பா மயில்சாமி, உழுகாமப் போட்டா கடலை மொளைக்குமா?"

"டிராக்டர் வர எட்டு நாள் ஆகுமாமுங்க. அதுக்கப்பறம் உழுதா இருக்கற ஈரமும் போயிருமுங்களே."

திருமூர்த்தி இதை டீக்கடையில் சொல்லிச் சிரித்தார், சொசைட்டியில் சொல்லிச் சிரித்தார், ஒரு எழவு வீட்டில்கூட மெதுவாகச் சொல்லிச் சிரித்தார். ஏழாம் நாள் மயில்சாமியின் கடலை முளைத்தது. டிராக்டர் வரவில்லை. சிரிப்பு நின்றது.

சந்தை நாள் பார்த்து, ஊர் காலியானதும், மயில்சாமியை அழைத்தார்.

"உள்ள பூராவும் உன்ற மிஷினையே ஓட்டிப்போடு. ரோட்டோரம் பத்தடி மட்டும் உட்ரு. டிராக்டர் வந்ததும் உழுதுக்கறேன்."

"அது ஏனுங்க?"

"பஸ்ஸுல போறவன் பாப்பானப்பா."

தை பிறந்தது. உள்ளே கடலை முழங்கால் உயரம் நின்றது. முறைப்படி நாலு தடவை உழுத ரோட்டோரப் பத்தடி, ஈரமில்லாமல் காய்ந்து சொட்டையாகக் கிடந்தது. மாப்பிள்ளையின் அப்பா லட்சுமணசாமி பஸ்ஸைவிட்டு இறங்கியது நேராக அதன் எதிரில்தான். நின்று பார்த்தார்.

"உள்ள கூட்டீட்டுப் போய்க் காட்டுங்க," என்று திருமூர்த்தியின் காதைக் கடித்தார் அவர் மனைவி சென்னியம்மாள். "இல்லீன்னா இந்தப் பத்தடியப் பாத்தே நம்ம புள்ளைய வேண்டாம்னு போயிருவாங்க."

காட்டலாம். ஆனால் உள்ளே, வரிசைக்கு வரிசை, போன போகத்துச் சோளக்கட்டை அசையாமல் நின்று சாட்சி சொல்லுமே? வேறு வழியில்லாமல் திருமூர்த்தி முன்னே நடந்தார். லட்சுமணசாமி செழித்த செடியைப் பார்த்தார். செருப்பு நுனியால் ஒரு கட்டையைத் தட்டினார். திரும்பி ரோட்டைப் பார்த்தார்.

"அங்க எத்தனையடிங்க உழுதிருக்கீங்க?"

"பத்தடிங்க."

"பரவாயில்லீங்க. எங்கூர்ல பஸ் மெதுவாத்தான் போகுது. இருபதடி உழுக வேண்டியிருக்குதுங்க."

சம்பந்தம் அந்த வரப்பிலேயே முடிவானது. கல்யாணப் பந்தலில் சம்பந்திகள் இருவரும் சேர்ந்து உழவின் மகிமையைப் பற்றி மயில்சாமிக்கு எடுத்துச் சொன்னார்கள்.

தாங்கள் விவசாயி இல்லையா? இருக்கட்டும். முன்னறையில் விருந்தாளிகளுக்கென்று பிளாஸ்டிக் உறை கழற்றாத சோபா ஒன்று கிடக்கிறதே, அது எத்தனையடி?