பூனைச் சாமான் இலாகா

அழகியமணவாளன் அந்த சனிக்கிழமை காலை, பஞ்சகச்சத்தின் பின்பக்கம் அரை முழம் கிழிந்து தொங்க, கூடத்தின் நடுவில் நின்று பிரகடனம் செய்தார்.

“இன்னியிலேர்ந்து இந்த ஆத்துல பூனைக்குன்னு ஒரு துரும்புகூட வாங்கப்படாது!”

கேட்டவர்கள் மூன்று பேர். அதில் இரண்டு பேர் பூனைகள். பஞ்சகச்சத்தைக் கிழித்ததும் அவைதான். ஒன்று காதைச் சொறிந்துகொண்டது. இன்னொன்று தொங்குகிற கிழிசலை மறுபடி எட்டிப் பிடிக்கலாமா என்று பார்த்தது. மூன்றாவது ஆளான மனைவி வேதவல்லி, வாழைக்காய் நறுக்கியபடியே “ம்” என்றாள். முப்பத்து மூன்று வருஷ தாம்பத்தியத்தில் அந்த ‘ம்’முக்குச் சம்மதம் என்று அர்த்தம் செய்துகொண்டே வாழ்ந்துவிட்டார் மனிதர். பாவம்.

ஸ்ரீரங்கம் வடக்கு உத்திர வீதியில், முதல் மாடி ஃப்ளாட். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் பிறந்த குட்டிகளை வேதவல்லிதான் எடுத்து வந்தாள். அன்று தளிகையில் அக்காரஅடிசில் என்கிற பால் சர்க்கரைப்பொங்கல் ஆனதால் பெண்ணுக்கு அக்காரம், ஆணுக்கு அடிசில் என்று பெயரும் வைத்தாள். இப்போது எட்டு மாசம். சும்மா இருக்கத் தெரியாத வயசு. திரைச்சீலையில் ஏறும், ஃப்ரிட்ஜ் மேலிருந்து குதிக்கும், ஓடுகிற மின்விசிறியைப் பார்த்து ஏதோ திட்டம் போடும்.

அதற்காகத்தான் வேதவல்லி காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு பட்டியல் எழுதி நீட்டியிருந்தாள். நகம் கீறுவதற்குக் கயிறு சுற்றின கம்பம் ஒன்று. பூனை வெளிக்குப் போக லிட்டர் மண், தட்டோடு. இறகு கட்டின குச்சி. முடி வார சீப்பு. இதுவரை அவர் பொறுமையாகப் படித்தார். கடைசி வரியில் நின்றார். பாக்கெட் தீனி.

“பாக்கெட் மேல மீன் படம் போட்டிருக்குமே?”

“உள்ளேயும் மீன்தான்னா.”

“பெருமாளுக்குத் திருவாராதனம் நடக்கற ஆம்டி இது!”

“பூனைக்கு அது தெரியலையே. என்ன பண்றது?”

அழகியமணவாளன் ஓய்வு பெறும்வரை ஒரு பெரிய ஆலையில் ஸ்டோர்ஸ் பார்த்தவர். சாமான் கேட்டு வருகிறவனை மூன்று தடவை நடக்கவிட்டால், பாதிப் பேருக்குத் தேவையே தீர்ந்துபோகும் என்பது அவருடைய அனுபவ சித்தாந்தம். அதை இங்கேயும் இறக்கினார்.

“சரி, இப்படிப் பண்ணுவோம். பூனைச் சாமான் இலாகாவை நான் எடுத்துக்கறேன். என்ன வேணுமோ நான்தான் வாங்குவேன். நீ ஒண்ணும் வாங்கப்படாது. சத்தியம் பண்ணு.”

“சத்தியமா நான் வாங்கமாட்டேன்னா.”

இவ்வளவு சீக்கிரம் பண்ணிய சத்தியத்தைக் கண்டு எந்தப் புருஷனும் உஷாராகியிருப்பான். இவர் மீசையில்லாத இடத்தை முறுக்கிக்கொண்டார். ஒரு மாசம் ஒன்றும் வாங்காமல் இருந்தால் பூனைகள் தானாக வேறு வீடு பார்த்துக்கொள்ளும், ஆசாரமும் பிழைக்கும் என்பது கணக்கு.

“சாப்பாட்டுக்கு?” என்றாள் வேதவல்லி.

“தயிர்சாதம். நம்மாத்துப் பூனை நம்மளை மாதிரிதான் சாப்பிடணும். மார்ஜார நியாயம் கேட்டிருக்கியோன்னோ? பூனைக்குட்டி ஒரு முயற்சியும் பண்ணாது. தாய்தான் வாயால கவ்விண்டு போய்க் காப்பாத்தும். அந்த மாதிரி பெருமாள் இதுகளைப் பார்த்துப்பார்.”

“பெருமாளுக்கு ஆயிரம் வேலை. இலாகா உங்க கையிலன்னா இருக்கு?”

முதல் வாரம் இலாகா அமோகமாக நடந்தது. கம்பம் இல்லாததால் பூனைகள் அவருடைய சாய்வு நாற்காலியில் நகம் தீட்டின. லிட்டர் மண் இல்லாததால், அவர் இன்னும் படிக்காத பேப்பரைத் தேர்ந்தெடுத்தன. இறகுக் குச்சிக்குப் பதிலாக, சந்தியாவந்தனத்தில் உட்கார்ந்தவரின் பூணூல் நுனி ஆடுவதை அக்காரம் கண்டுபிடித்தது. அர்க்கியம் விடுகிற கையோடு அவர் ஓடின ஓட்டத்தை மேல்மாடி ஃபெமினா டீச்சர் படிக்கட்டிலிருந்து பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“என்ன மாமா, எக்சர்சைஸா?”

“ஆமாம்மா. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்.”

ஆனால் ஒன்றை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மத்தியானம் அவர் கண்ணயரும்போது அடிசில் வந்து வயிற்றின் மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். குறட்டைக்கு ஏற்றபடி ஏறி இறங்கும். அவர் விழித்துக்கொண்டாலும் அது எழுகிறவரை அசையமாட்டார். அந்தப் பயல்மேல் அவருக்கு உயிர்.

மூன்றாவது வாரம், சனிக்கிழமை. தட்டில் வைத்த தயிர்சாதம் வைத்தபடி இருந்தது. அடிசில் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாலு காலையும் பரப்பிக்கொண்டு தரையில் மல்லாந்து கிடந்தது. அவர் வேட்டி நுனியை ஆட்டிக் காட்டினார். ஒரு கண்ணைத் திறந்து பார்த்து மூடிக்கொண்டது.

“வேதம்! இவன் எழுந்திருக்கமாட்டேங்கறான்டி!”

“அப்படியா?”

“நேத்தும் சாப்பிடலை. என்னடி அப்படியான்னு கேக்கறே?”

“இலாகா உங்களோடதாச்சேன்னு பேசாம இருக்கேன். தில்லைநகர்ல நசீரான்னு ஒரு டாக்டர் இருக்காளாம். கைராசிக்காரியாம். அழைச்சுண்டு போயிட்டு வாங்கோ.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“நாலு பேர் சொல்லிக் கேள்வி.”

பழக்கூடையில் பழைய அங்கவஸ்திரத்தை விரித்து, அடிசிலை வைத்து, ஆட்டோ பிடித்தார். காவேரிப் பாலத்தில் கூட்டம். கூடைக்குள் கைவிட்டு அதன் வயிற்றைத் தடவிக்கொண்டே, ‘ரங்கா, இது கண்ணைத் திறந்தா போதும், என் வறட்டுப் பிடிவாதத்தை இந்தக் காவேரியிலயே விட்டுடறேன்’ என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டார். நிஜமாகவே கண்ணில் தண்ணீர் வந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார்.

டாக்டர் நசீரா கூடையைத் திறந்தாள்.

“வாங்க சார், உக்காருங்க. புதுசா காட்டறீங்களா?”

“ஆமாம்மா. இப்பதான் மொதல் தடவை.”

“பூனைக்குப் பேரு?”

“அடிசில்.”

எழுதப்போன பேனா நின்றது.

“சார், இந்தப் பேர்ல திருச்சியில ரெண்டு பூனை இருக்காதே.”

அலமாரியிலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள். அடிசில், ஆண். பக்கத்தில் அக்காரம், பெண். தடுப்பூசி போட்டாகிவிட்டது. உரிமையாளர் என்ற இடத்தில் அழகியமணவாளன், வடக்கு உத்திர வீதி, ஸ்ரீரங்கம்.

“நான் வரவே இல்லையே?”

“மாமியும் ஃபெமினா டீச்சரும்தான் வருவாங்க. மாமி ஒரு பொருளைக்கூட வாங்கமாட்டாங்க. சத்தியம் பண்ணியிருக்காங்களாமே? எல்லாம் டீச்சர்தான் வாங்குவாங்க. அவங்க வீட்லயே வச்சு ஊட்டறாங்கன்னு சொன்னாங்க.”

அழகியமணவாளன் அந்த அட்டையை இன்னொரு தடவை படித்தார். கோபம் வரவேண்டிய இடம். ஆனால் வேறு கேள்விதான் முந்திக்கொண்டு வந்தது.

“அப்ப... இவனுக்கு உடம்புக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல சார். காலையில வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கான், தூங்கறான். மூணு வாரத்துல அரைக் கிலோ ஏறியிருக்கான் பாருங்க.”

“தயிர்சாதம் ஒத்துக்கலையோன்னு பயந்துட்டேன்.”

“வெறும் தயிர்சாதம் மட்டும் குடுத்திருந்தா பயப்பட வேண்டியதுதான். பூனைக்குக் கறி, மீன் சத்து இல்லாம முடியாது சார். நாளாவட்டத்துல கண்ணு போயிரும், இதயம் கெட்டுப்போயிரும்.”

அவர் அடிசிலின் கண்ணைப் பார்த்தார். அது கொட்டாவி விட்டது. அவர் பர்ஸை வெளியே எடுத்தார்.

“பக்கத்து அறையில சாமான் விக்கறேளே, எல்லாத்தையும் எடுங்கோ. கம்பம், மண், குச்சி, சீப்பு. அந்த... படம் போட்ட பாக்கெட்டும். பெருசா.”

திரும்புகிற ஆட்டோவில் அவர் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தார். ஏமாற்றினார்கள்தான். ஆனால் வாங்கியது யார்? அவர். இலாகா அவருடையது, உத்தரவு அவருடையது. வாசலில் கம்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு கம்பீரமாகக் குரல் கொடுத்தார்.

“வேதம்! நான் நன்னா யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்துட்டேன். நம்ம குழந்தைகளுக்கு எல்லாம் நானே வாங்கிண்டு வந்துட்டேன்!”

வேதவல்லி கதவுக்குக் குறுக்கே கையை வைத்தாள்.

“ரொம்ப சந்தோஷம்னா. கம்பத்தையும் மண்ணையும் உள்ள குடுங்கோ. அந்தப் பாக்கெட்டை எங்க கொண்டு வரேள்?”

“உள்ளதான்.”

“மீன்னா! திருவாராதனம் நடக்கற ஆமாச்சே? ஆசாரம் என்னாறது?”

“பின்னே?”

“திங்கக்கிழமை ஃபெமினாவுக்கு ஸ்கூல் தொறக்கறா. இத்தனை நாள் பாவம், அவதான் ஊட்டினா. இனிமே மொட்டைமாடியில தட்டு வச்சிருக்கேன். காலையில ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை, உங்க கையால போட்டுடுங்கோ. இலாகா உங்களோடதுதானே?”

“நானா? என் கையாலயா?”

“விடியக்காலை ஸ்நானம் தனி. ஒவ்வொரு தடவை போட்டுட்டும், மேலேயே குழாயடியில தலைக்கு ஸ்நானம் பண்ணிட்டு உள்ள வாங்கோ. சோப்பு வச்சிருக்கேன்.”

இப்போது வடக்கு உத்திர வீதியில் பேச்செல்லாம் அவரைப் பற்றித்தான்: “அழகியமணவாளன் ஸ்வாமி ஓய்வுக்கப்புறம் என்னமா மாறிட்டார், பார்த்தேளா! தினம் மூணு வேளை ஸ்நானம். இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆசாரத்தை எங்க பாக்கறது?”