கண்ணாடிக் கூடத்துச் சட்டம்

கல்யாணமான முப்பத்தொரு வருஷத்தில் கடிகாரக்காரர் போட்ட ஒரே சட்டம் அது. வீட்டுக்குப் பின்னால் செடி வளர்க்க அவர் கட்டின கண்ணாடிக் கூடத்துக்குள் மனைவி கால் வைக்கக் கூடாது. ஈரத்துணி காயப்போடுகிற பேச்சே கூடாது. அந்த வீட்டில் அவர் வார்த்தை செல்லுபடியாகிற இடம் அந்தப் பத்தடிக்குப் பத்தடிதான். அதை விடுவாரா?

உள்ளே நாற்பது தொட்டி. தொட்டிக்கு ஆறு ஃப்ரீசியாப் பூச்செடிக் கிழங்கு. பார்க்கச் சின்ன வெங்காயம் மாதிரி இருக்கும். உறைபனி பட்டால் கூழாகிவிடும். குளிர்காலம் முழுக்கப் பொத்திப் பொத்தி வளர்த்தால் வசந்தத்தில் பூக்கும்.

"மூணு நாளா துணி காயலைங்க. உள்ள ஓரமா ஒரே ஒரு கொடி கட்டிக்கிறேனே."

"சட்டம்னா சட்டம்."

"சரிங்க," என்றாள்.

அவள் உடனே சரி சொன்னால் மனுஷன் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

குளிர் கூடவும் ஹீட்டர் வாங்கி உள்ளே வைத்தார். தளிர் நன்றாகத்தான் வந்தது. பத்தே நாளில் இலை நுனியெல்லாம் கருக ஆரம்பித்தது. அவள் வெளியே நின்று, கண்ணாடியில் மூக்கு பதியப் பார்த்தாள்.

"ஐயோ பாவம், வாடுதுங்களே. செடிக்கடைக்காரரை ஒரு வார்த்தை கேளுங்க."

போய்க் கேட்டார்.

"ஹீட்டர் காத்தைக் காயவச்சிடுது சார். உள்ள ஈரத்துணி நாலு தொங்கவிடுங்க. நேத்துகூட ஒரு அம்மா வந்து இதையேதான் கேட்டுட்டுப் போனாங்க."

எந்த அம்மா என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து தொண்டையைச் செருமினார்.

"அந்தத் துணியை வேணும்னா உள்ள போட்டுக்கோ."

"நானா? நான்தான் அங்க கால் வைக்கக் கூடாதே." கூடையைத் தூக்கி அவர் கையில் வைத்தாள். "நல்லா உதறிப் போடுங்க. போர்வையை நடுக்கொடியில போடாதீங்க, தொங்கும்."

அன்றிலிருந்து தினமும் அவர்தான் காயப்போட்டார். ஹீட்டர் சூட்டில் துணி மளமளவென்று காய்ந்தது. மூன்றாம் வாரம் வீட்டில் அழுக்குத் துணியே இல்லை. செடிக்கு ஈரம் வேண்டுமே! ஜன்னல் திரைகளைக் கழற்றி அவரே துவைத்தார். பக்கத்து வீட்டுப் போர்வைகளைக்கூடக் கேட்டு வாங்கினார்.

வசந்தம் வந்தது. நாற்பது தொட்டியும் பூத்தது. முதல் கொத்தைப் பறித்துக்கொண்டு கூடத்து வாசலுக்கு வந்தார்.

"உள்ள வந்து பாரு. சட்டத்தை எடுத்துட்டேன்."

அவள் பூவை மட்டும் வாங்கி முகர்ந்தாள். படியைத் தாண்டவில்லை.

"இருக்கட்டும்ங்க. இத்தனை வருஷத்துல நீங்க போட்ட ஒரே சட்டம், அதை மீறலாமா?" துணிக்கூடையைக் காலால் அவர் பக்கம் நகர்த்தினாள். "முடிஞ்சா சமையலறைக்கும் இதே மாதிரி ஒரு சட்டம் போடுங்க."