முன் தோட்டத்துக்கு சிமெண்ட் பூச வரவேண்டாம்

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். நானும் உங்கள் தங்கையும் நலம். நீங்களும் உங்கள் கொத்தனார்களும் நலமென்று நம்புகிறேன். விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை எங்கள் முன் தோட்டத்துக்கு சிமெண்ட் பூச ஆள் அனுப்ப வேண்டாம். அங்கே பாய் விரித்த மாதிரி செடி வளர்த்துக் காட்டுகிறேன் என்று சொன்ன சொல்லிலிருந்து நான் இறங்கி வருவதாக இல்லை.

செடிக்குப் பெயர் அக்கிலியா. இறகு போல் சாம்பல் நிற இலை, நிமிராமல் தரையோடு படரும். நர்சரிக்காரர் கொடுக்கும்போதே, "நல்ல வெயில் போதும். நீங்க ஒண்ணும் செய்யாம இருந்தா அதுவா வளரும்" என்றார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஹாஸ்டல் சமையல்காரனாகவே காலம் தள்ளியவன், ஓய்வு பெற்றபின் பரிமாற ஆளில்லாமல் கை நமநமவென்கிறது, கண்ணெதிரே ஒன்று வெறும் மண்ணில் பட்டினி கிடந்தால் எப்படிச் சும்மா இருப்பது, தொழு உரம் போட்டு இரண்டு வேளையும் தண்ணீர் விட்டேன். மளமளவென்று நெட்டையாகி, தலைசாய்ந்து, அழுகிப் போயிற்று. அடுத்த தடவை வைராக்கியமாகக் குழாயைத் தொடவில்லை, காய்கறி கழுவிய தண்ணீரைத்தான் ஊற்றினேன், எப்படியும் கீழே கொட்டுவதுதானே. அதுவும் போயிற்று. மூன்றாம் தடவை ஒரு சொட்டும் விடாமல், பாவம் வெயிலில் வதங்குகிறதே என்று குடை மட்டும் கட்டிவைத்தேன். பூஞ்சை பிடித்துவிட்டது. உங்கள் தங்கை பார்த்துவிட்டு, "எனக்கு சுகர் வந்ததே உங்க கவனிப்புலதான். அந்தச் செடியையாவது விட்டுடுங்க" என்றாள்.

சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் விடமாட்டேன். குழாயின் திருகைக் கழற்றி அவளிடமே ஒப்படைத்துவிட்டேன், குடை பரணுக்குப் போய்விட்டது. நாலாம் தடவை நட்டுவிட்டு முதுகைக் காட்டி உட்காரப் போகிறேன். சிமெண்ட் பூசிவிட்டால் காலையில் எழுந்து நான் எதைப் போய்ப் பார்ப்பது மச்சான்? கொஞ்சம் பொறுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகச் சாப்பிட்டு நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் உங்கள் தங்கை என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். பூச்சு வேலைக்காக நீங்கள் கொட்டிவைத்த மணல் குவியலில், செத்துவிட்டதென்று நான் பிடுங்கி எறிந்த அக்கிலியா வேர்பிடித்து, குவியல் முழுக்கப் படர்ந்து மஞ்சளாகப் பூத்திருக்கிறது. ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். திங்கட்கிழமை தாராளமாக ஆள் அனுப்புங்கள், முன்பக்கம் முழுக்கப் பூசிக்கொள்ளட்டும். மணலை மட்டும் யாரும் தொடக்கூடாது. மணலில்லாமல் எப்படிப் பூசுவது என்பது உங்கள் தொழில், அதில் நான் தலையிட மாட்டேன்.