பழுதாக மாட்டேன் என்ற துப்பாக்கி

அந்த வசந்தத்தில் ஹால்வர் ஒரு முடிவுக்கு வந்தார். ஒன்று அந்தத் துப்பாக்கி இந்த வீட்டில் இருக்க வேண்டும், இல்லை நான் இருக்க வேண்டும். இதை அவர் கொட்டகையில், மாடுகளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். வீட்டுக்குள் சொல்லியிருந்தால், இரண்டில் எது போகட்டும் என்று அவர் மனைவி லவோன் ரொம்ப நேரம் யோசித்திருக்க மாட்டாள்.

துப்பாக்கி என்ன பாவம் செய்தது? ஒரு பாவமும் செய்யவில்லை. அதுதான் அவருக்குக் கோபமே. கிழக்கு மான்டனாவில் பண்ணை வைத்திருக்கிறவர்களில் பாதிப் பேரிடம் இருக்கிற பண்ணைத் துப்பாக்கிதான் அது. குட்டை உடம்பு, ஒல்லிக் குழல். விசையை அழுத்தினால் வெடிக்கும். காலி உறையைத் தூக்கித் தூர எறியும். அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொண்டு, "அப்புறம்?" என்று கேட்கிற மாதிரி காத்திருக்கும். பிக்கப் வண்டியின் பின்கண்ணாடியில் மாட்டியபடியே அது தூசி தின்றது, பனி தின்றது. ஒருமுறை கன்றுக்குட்டி அதை ஆசை தீர நக்கியது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், தோட்டா சிக்கிக்கொண்டு நிற்க வேண்டுமே! கிடையாது.

ஹால்வரின் மனசோ வேறு இடத்தில் கிடந்தது. ஊரில் ஸ்டெர்லிங்கின் தீவனக் கடை. உப்புக் கட்டிகளுக்கும் முள்கம்பிச் சுருள்களுக்கும் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள் அது நின்றது. வால்நட் மரக் கட்டை. கனத்த, நீளக் குழல். ஒவ்வொரு தோட்டாவுக்கும் தாழ்ப்பாளைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய துப்பாக்கி. இழுத்தால் சத்தமே வராது. அவர் தீவனம் வாங்கப் போகும்போதெல்லாம் ஸ்டெர்லிங் கேட்காமலே அதை எடுத்து அவர் கையில் கொடுப்பார். ஹால்வர் அதைத் தோளில் சாய்த்து, சுவர் நாள்காட்டியில் இருக்கும் காளையின் கண்ணுக்குக் குறி வைப்பார். கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். அப்புறம் பெருமூச்சு விட்டுத் திருப்பிக் கொடுப்பார். வீடு வரும் வழியெல்லாம் வெறும் கை கனக்கும்.

"லவோன், நமக்கு ஒரு புதுத் துப்பாக்கி வேணும்."

"பழசு வெடிக்குதா?"

"வெடிக்குது."

"அப்புறம் என்ன?"

அந்த வீட்டுச் சட்டமே அதுதான். ஓடுகிற வரைக்கும் எதையும் மாற்றக் கூடாது. துணி துவைக்கும் இயந்திரம் துவைக்கும்போதே குதித்துக் குதித்துப் பின்வாசல் வரை வந்துவிடும். ஆனாலும் துவைக்கிறது, அதனால் இருக்கிறது. ஹால்வரும் அந்தச் சட்டத்தின் தயவில்தான் இருந்தார்.

"வெடிச்சா மட்டும் போதுமா? குறி தப்புதே! கேவலமா தப்புதே!"

"போன வாரம் குட்டி மேல பாய வந்த நரியை நான் இதுலதானே சுட்டேன்?"

"அது உன் அதிர்ஷ்டம்."

"நரிக்கு அதிர்ஷ்டம் இல்லைன்னு சொல்லு."

மாடுகள் ஹால்வர் பொறுப்பு, ஆடுகள் லவோன் பொறுப்பு. ஆட்டுக்குட்டிகளைத் தேடி வரும் கயோட்டி நரிகளும் அந்தக் கணக்கில் அவள் பொறுப்புத்தான். அவளோடு குறி பார்ப்பதைப் பற்றி வாதாடுவது ஆபத்து என்று ஹால்வருக்குத் தெரியும். ஆசை யாரை விட்டது!

முதலில் துப்பாக்கியைச் சிக்க வைக்கப் பார்த்தார். துடைப்பதை நிறுத்தினார். எண்ணெய் காட்டவில்லை. வைக்கோல் தூசியைப் பிடி பிடியாக அதன் மேல் தூவினார். சுட்டுப் பார்த்தார். வெடித்தது. வைக்கோல் வாசனையோடு வெடித்தது.

சரி, இது மானஸ்தன், இதை வேறு விதத்தில்தான் கவிழ்க்க வேண்டும் என்று குறியில் கை வைத்தார். ஒல்லிக் குழலுக்கு ஒரு குணம் உண்டு. ஆறியிருக்கும்போது சொன்ன பேச்சைக் கேட்கும், சூடேறிவிட்டால் குண்டு தன் இஷ்டத்துக்குப் போகும். லவோன் முட்டை கொடுக்கப் பக்கத்துப் பண்ணைக்குப் போன சமயம் பார்த்து, ஹால்வர் கொட்டகைக்குப் பின்னால் மண்மேட்டைப் பார்த்துப் படபடவென்று சுட்டுத் தள்ளினார். தோட்டா உறைகள் நாலா பக்கமும் பறந்தன. கைக்குக் கிடைத்ததைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவள் வண்டி வந்து நின்றதுதான் தாமதம், "லவோன், இங்கே வா! உன் கண்ணாலேயே பாரு!" என்று கூப்பிட்டு, அவள் எதிரிலேயே காகிதத்தில் ஐந்து குண்டு சுட்டார். காகிதம் அம்மை போட்ட முகம் மாதிரி ஆனது.

"பாத்தியா? அஞ்சு குண்டும் அஞ்சு ஊருக்குப் போயிருக்கு!"

லவோன் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. இஸ்திரிப் பெட்டியைச் சோதிக்கிற மாதிரி, விரலை நாக்கில் தொட்டுக் குழலில் வைத்தாள். சுர்ரென்றது.

"எத்தனை சுட்டே?"

"இப்ப நீ பாத்தியே, அந்த அஞ்சுதான்."

"அப்படியா? புல்லுல பளபளன்னு கெடக்குதே, அதெல்லாம் என்ன, கோழி போட்டுச்சா?"

லவோன் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். பிளாஸ்க்கைத் திறந்து காப்பியை நிதானமாகக் குடித்தாள். குழல் ஆறியது. எழுந்தாள், இரண்டே குண்டு சுட்டாள். இரண்டு ஓட்டையும் ஒட்டிப் பிறந்த மாதிரி இருந்தன. பறந்து வந்த காலி உறை ஒன்று ஹால்வரின் காதில் பட்டது.

"அய்யோ!"

"உனக்கு வேணும். இந்தா பாரு ஹால்வர், எந்த நரியாவது மூணாவது குண்டு வரைக்கும் நின்னு வாங்கிட்டுப் போகுமா? மொத ரெண்டு நேரா போனா எனக்குப் போதும்."

அன்றிலிருந்து ஹால்வர் பேசவில்லை. லவோன் ருபார்ப் தண்டு போட்டு இனிப்பு அப்பம் சுட்டு வைத்தாள், அவர் இரண்டாவது துண்டு கேட்கவில்லை. இது லவோனையே கொஞ்சம் அசைத்துவிட்டது. மூன்றாம் நாள் அவளே வாயைத் திறந்தாள்.

"சரி, ஒண்ணு பண்ணு. டெல்மர் பண்ணைத் துப்பாக்கி ஒண்ணு தேடிட்டு இருக்கான். இதை அவனுக்கு வித்துடு. வித்தா புதுசு, விக்கலைன்னா பழசு. சம்மதமா?"

ஹால்வருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனால் டெல்மர் யார்? அவர்களுடைய வேலிக்காரன், அதாவது ஒரே வேலியைப் பங்கு போட்டுக்கொள்ளும் பக்கத்துப் பண்ணைக்காரன். அந்தப் பக்கத்தில் குதிரை வாங்க வருகிறவனிடம் பொய் சொல்லலாம், வேட்டைக்கு வருகிற நகரத்து ஆளிடம் தாராளமாகச் சொல்லலாம். பொதுவேலிக்கு அந்தப்புறம் இருக்கிறவனிடம் மட்டும் சொல்லவே கூடாது. ஒவ்வொரு வசந்தத்திலும் அவனோடு சேர்ந்துதான் கம்பியை இழுத்துக் கட்ட வேண்டும், நாள் முழுக்க அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். லவோனுக்கு இது தெரியாதா என்ன!

டெல்மர் வந்தான். தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்தான்.

"இது சிக்குமா, ஹால்வர்?"

"சிக்குறதா! வைக்கோல் தூசியைக் கொட்டிக்கூடப் பாத்துட்டேன்பா, அசரலை. ஒரு நாளும் கைவிட்டதில்லை."

"வைக்கோல் தூசியை எதுக்குக் கொட்டினே?"

"அது ஒரு சோதனை. அதை விடு."

"குறி எப்படி?"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த லவோன் குழாயை மூடினாள். மோசம் என்றால் டெல்மர் எழுந்து போய்விடுவான். நல்லது என்றால், அப்புறம் எதுக்குப் புதுசு என்று முதுகுக்குப் பின்னால் நிற்கிறவள் கேட்காமல் விட மாட்டாள். ஆனால் கேட்கிறவன் வேலிக்காரன் ஆயிற்றே.

"மொத ரெண்டு... நீ பாக்கிற இடத்துக்குத்தான் போகும்."

"அப்புறம்?"

"அப்புறம் கொஞ்சம் ஆற விடணும். எந்த நரிப்பா மூணாவது குண்டு வரைக்கும் நிக்கும்?"

சொன்ன பிறகுதான் அது யாருடைய வசனம் என்று உறைத்தது. முதுகுக்குப் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் இருமலாக மாறியது.

"இவ்வளவு நல்ல துப்பாக்கியை ஏம்ப்பா விக்கிறே?" என்றான் டெல்மர்.

ஹால்வர் டெல்மரை விட்டுவிட்டு லவோன் பக்கம் திரும்பினார்.

"எனக்கு அது வேணும், லவோன். தேவையான்னு கேட்டா, தேவையே இல்லை. ஆனா வேணும். வைக்கோல் போடும்போதும் அதே நெனப்பு, கோயில்ல பாட்டுப் பாடும்போதும் அதே நெனப்பு. ஸ்டெர்லிங் கையிலேருந்து வாங்கும்போது சந்தோஷமா இருக்கு, திருப்பிக் குடுக்கும்போது அழுகை வருது. இந்த வயசுல ஒரு மரக்கட்டைக்காக ஏங்குறேனேன்னு வெக்கமாவும் இருக்கு. போதுமா?"

டெல்மர் தொப்பியை எடுத்தான். "நான் அந்த வடக்கு மூலைக் கம்பத்தைப் பாத்துட்டு வர்றேன்," என்று போனவன் போனவன்தான். அங்கெல்லாம் ஒருத்தன் மனசைத் திறந்தால் மற்றவனுக்கு உடனே வேலி ஞாபகம் வந்துவிடும்.

லவோன் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்படி என்னதான் இருக்கு அதுல?"

கேட்டாளே! ஹால்வர் மடை திறந்தார். கட்டையின் வழவழப்பைச் சொன்னார். தாழ்ப்பாள் வழுக்கி உள்ளே போவதைக் கையால் செய்து காட்டினார். காப்பி ஆறியது. லவோன் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

"தோள்ல உதைக்குமா?"

"பூனை வந்து முட்டுற மாதிரி இருக்கும்னு ஸ்டெர்லிங் சொல்றான்."

"சூடானா?"

"கனத்த குழல் லவோன், அது அசையாது."

"எவ்வளவு தூரம் போகும்?"

"காத்து இல்லாத நாள்ல முன்னூறு கெஜம். ஒரு டம்ளர் வைச்சா டம்ளரை அடிக்கலாம்."

"முன்னூறா?"

லவோன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். ஆட்டுப்பட்டிக்கு அந்தப்புறம், பழைய துப்பாக்கிக்கு எட்டாத தூரத்தில் ஒரு மேடு. நரிகள் அங்கே உட்கார்ந்துதான் எந்தக் குட்டி இளசு என்று சாவகாசமாகத் தேர்ந்தெடுக்கும். அவள் கண்ணில் ஒரு பளபளப்பு வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நடன மண்டபத்தில் பார்த்தது, அதற்கப்புறம் ஹால்வர் அதைப் பார்க்கவே இல்லை.

"இதை நீ மொதல்லயே சொல்லியிருக்கலாமே," என்றாள் மெதுவாக.

ஹால்வர் கொட்டகைக்கு ஓடி மாடுகளிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

அடுத்த முறை தீவனக் கடைக்குப் போனபோது அலமாரி காலி.

"எங்கே அது?"

"போயிடுச்சு," என்றார் ஸ்டெர்லிங்.

"யாருகிட்ட?"

"சொல்லக் கூடாதுன்னு அந்தம்மா சொல்லியிருக்காங்க," என்று ஸ்டெர்லிங் பல்லைக் காட்டினார்.

ஹால்வர் தீவன மூட்டையை அங்கேயே மறந்தார். வண்டியை விரட்டினார். வழியெல்லாம் தனக்குத்தானே பேசிக்கொண்டார். என் லவோன்! இவ்வளவு காலம் இவளைக் கஞ்சம் என்று நினைத்தேனே! கண்ணில் தண்ணீர் வந்து பாதை மறைந்தது. வண்டியை நிறுத்தித் துடைத்துக்கொண்டு மறுபடி விரட்டினார்.

சமையலறை மேசையில் கம்பளி விரித்திருந்தது. அதன் மேல் துப்பாக்கியைச் சாய்க்கிற குட்டி மணல்மூட்டை, மணல்மூட்டை மேல் அது. ஜன்னல் வெளிச்சத்தில் வால்நட் கட்டை தேன் மாதிரி மின்னியது.

"லவோன்... நீ... எப்படி..."

"ஆட்டு ரோமம் வித்த காசு. நல்லா இருக்கு இல்லே?"

"நல்லா இருக்கான்னா கேக்குறே!" ஹால்வர் கையை நீட்டினார். சூடான அப்பத்திலிருந்து குழந்தையின் கையை விலக்குகிற மாதிரி லவோன் அதை மெல்ல விலக்கினாள்.

"உன்னோடது வண்டியிலேயே மாட்டியிருக்கு. ஒரு நாளும் கைவிட்டதில்லைன்னு நீதானே டெல்மர்கிட்ட சொன்னே."

"அப்ப... இது?"

லவோன் தாழ்ப்பாளை உருவி மேசையில் வைத்தாள். குனிந்து, ஒரு கண்ணை மூடி, வெறுங்குழல் வழியாக ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"நீ வேணும் வேணும்னு சொல்லச் சொல்லத்தான், ஹால்வர், எனக்கே வேணும்னு தோணிச்சு. கொஞ்சம் நகந்து நில்லு, மேட்டை மறைக்கிறே."