மெழுகு ராக்கெட்டும் வெள்ளிக்கிழமை ராகுகாலமும்

எனக்கு ஓர் இடத்தில் சும்மா நிற்க வராது. ரயில் பத்து மணிக்கு என்றால் எட்டு மணிக்கே நடைமேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருப்பேன். இப்படிப்பட்டவனை ராக்கெட் இன்ஜினுக்குப் பக்கத்தில் விட்டதே முதல் தப்பு (அது கம்பெனியின் தப்பு, என்னுடையது பின்னால் வருகிறது).

சென்னையில் ஒரு சின்ன கம்பெனி. நாங்கள் செய்தது ஹைபிரிட் இன்ஜின். இரும்பு உருளைக்குள் கரி கலந்த மெழுகு, அதன் நடுவே நீளமாக ஒரு துளை. ஆக்சிஜன் தனி சிலிண்டரில். இரண்டும் சேர்ந்தால்தான் எரியும், அதனால் வெடிக்கும் பயம் குறைவு. நாளைக்கே செயற்கைக்கோளைத் தூக்கிவிடும் என்று ஊரெல்லாம் அளந்துவிட்டிருந்தேன். முதல் சோதனைக்கு ஆளில்லாத இடம் வேண்டும் என்றார் கம்பெனியை நடத்தும் எங்கள் மேடம். கந்தர்வக்கோட்டைப் பக்கம் என் அத்தையின் முந்திரிக்காட்டைக் காட்டினேன்.

"பத்து செகண்டாவது எரியணும். இல்லன்னா இந்த ஹைபிரிட்ட மூடிடலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் மேடம் வந்தார்.

காலை ஒன்பது மணிக்கே இன்ஜினைச் சட்டத்தில் படுக்கவைத்துப் பூட்டியாகிவிட்டது. நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். போல்ட்டை இறுக்கினேன், தளர்த்தினேன், மறுபடி இறுக்கினேன். நிமிர்ந்தால் மணி பத்தரை. வெள்ளிக்கிழமை. ராகுகாலம்.

பன்னிரண்டு வரை சுவிட்சைத் தொடக்கூடாது. ராக்கெட் செய்கிறவன் இதை வெளியே சொல்ல முடியுமா? வால்வில் சந்தேகம் என்றேன். வயரை மாற்ற வேண்டும் என்றேன். எதுவும் தோன்றாதபோது காற்று சரியில்லை என்றேன் (ஒரு முந்திரி இலைகூட அசையவில்லை). மேடம் மரத்தடியில் அத்தை கொடுத்த மோரைக் குடித்தார். இன்ஜின் சித்திரை வெயிலில் கிடந்தது.

பன்னிரண்டு ஆனதும் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் இருந்து சுவிட்சைத் தட்டினேன். 'புஸ்' என்றது. கறுப்பு மெழுகு கூழாகப் பீறிட்டுச் சட்டமெல்லாம் வழிந்தது. நுனியில் கார்த்திகை விளக்கு மாதிரி ஒரு சுடர் ஆடி, அதுவும் அணைந்தது. வெயிலில் காய்ந்த இரும்புக்குள் மெழுகு இளகிச் சரிந்து துளையை அடைத்திருந்தது. வெடிக்காது என்று நான் கொடுத்த வாக்கை மட்டும் இன்ஜின் காப்பாற்றியது.

ஏன் இவ்வளவு நேரம் வெயிலில் போட்டீர்கள் என்று மேடம் கேட்டார். வால்வைப் பற்றி நான் வாய் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்.

"ராகுகாலம் முடியட்டும்னுதாங்க எங்க புள்ள அங்கிட்டும் இங்கிட்டும் அலைஞ்சுச்சு. பரீட்சைக்கே நேரம் பாத்துத்தான் போகும்."

வெட்கத்தில் காது சுட்டது. என்னால் எல்லாருடைய உழைப்பும் போச்சே என்று அழுகையும் வந்தது. மேடம் குனிந்து, துளையை அடைத்திருந்த மெழுகைக் குச்சியால் குத்திப் பார்த்தார்.

"அப்ப இன்ஜின் மேல தப்பில்ல" என்றார் கடைசியில்.

திட்டம் பிழைத்தது. அடுத்த சோதனை இன்னொரு நாள், வெயில் ஏறும் முன் விடிந்ததும் நடந்தது. என் போனையும் வாட்சையும் பிடுங்கிக்கொண்டு, என்னைக் காருக்குள் உட்காரவைத்துவிட்டுத்தான் சுவிட்சைத் தட்டினார்கள். பத்து செகண்டையும் தாண்டி எரிந்ததாம். நான் பார்த்தது புகையை மட்டுமே.

வழிந்த மெழுகை அத்தை வீணாக்கவில்லை. சுரண்டி எடுத்து, திரி போட்டு, கறுப்பு மெழுகுவர்த்தி ஊற்றிவைத்துக்கொண்டார். இன்றைக்கும் நான் அங்கே இருக்கும்போது கரண்ட் போனால், இருட்டில் முதலில் வருவது அவர் குரல்தான்.

"ராக்கெட்டு இந்தா இருக்கு. கொளுத்தவாப்பா, இல்ல நேரம் பாக்கணுமா?"