அயர்லாந்தாரின் நாடாளுமன்றம்

பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில் அயர்லாந்தின் நாடாளுமன்றத்துக்காகக் கண்ணீர் விட்ட மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் அந்த நாட்டைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் ஊருக்கு அவர் அயர்லாந்தார். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

இங்கே ஓர் ஐரிஷ் மதுக்கடையில் பத்து வருடம் கோப்பை கழுவினார். விட்டு வரும்போது முதலாளி அந்த நாட்டு நாடாளுமன்ற வரலாற்றுப் புத்தகம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தாராம். அன்றைக்கே எங்களைச் சனி பிடித்தது.

எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் பாரிஸ் கிளை, மாதம் ஒரு ஞாயிறு ரூ காய் என்ற தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்னறையில் கூடும். தேநீருக்கு வடையா ரோல்ஸா என்று தீர்மானிப்பதற்குள் அயர்லாந்தார் ஐந்நூறு வருடம் பின்னால் போய்விடுவார். தலைவர் சிவம் எதற்கும் முதலில் வெளியே போய் மனைவிக்கு ஃபோன் எடுப்பவர். அது இவருக்குப் பொறுக்காது.

"ஒழுங்குப் பிரச்சினை! அந்தக் காலத்திலை அயர்லாந்துச் சபை ஒரு சட்டம் போடுறதெண்டாலும் முதல்லை லண்டன் ராசாவிட்டை முத்திரை வாங்க வேணும். அதே அநியாயம் இஞ்சையும் நடக்குது!"

"அண்ணை, ராசா எண்டால் சமாளிக்கலாம்" என்பார் சிவம் பரிதாபமாக.

வடைத் தீர்மானம் நிறைவேறும்போது வடை ஆறியிருக்கும்.

ஒருநாள் சிவம் பாரிஸ் கிளையை லண்டன் கிளையோடு சேர்த்துவிடலாம் என்றார். கூட்டம் அங்கே நடக்கும், நாங்கள் ஃபோனில் பார்க்கலாம். அயர்லாந்தாரின் முகம் செத்துப்போனது. பாரிஸின் ஸ்டாலின்கிராட் மெட்ரோப் பக்கம் தனியறையில் இருப்பவர். அவர் நாலு பேர் முகம் பார்த்து வாய் திறப்பது அந்த ஒரு ஞாயிறில்தான்.

"ஆயிரத்து எண்ணூறிலை அவங்கள் செய்த பிழை இது! தங்கடை சபையைத் தாங்களே வாக்குப் போட்டு மூடினவங்கள். முதல் தரம் தோத்தது. பிறகு பட்டம், பதவி எண்டு குடுத்து ஆக்களை வளைச்சவங்கள்!"

எங்களிடமும் இணைப்புத் தீர்மானம் முதல் தரம் தோற்றது. அடுத்த மாதத்துக்குள் லண்டனிலிருந்து பதவிகள் வந்து இறங்கின. ஒருவர் உப தலைவர். ஒருவர் ஆலோசகர். இரண்டு பேருக்கு விழாவில் குத்துவிளக்கு ஏற்றும் உரிமை. எனக்குப் போஷகர் பதவி. போஷகர் என்ன செய்வார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அழைப்பிதழில் பெயர் வரும் என்றார்கள், இரண்டாம் வாக்கெடுப்பில் கையைத் தூக்கிவிட்டேன். வெட்கம்தான்.

எதிர்த்து எழுந்தது அயர்லாந்தாரின் ஒரே ஒரு கை.

"குணம், உமக்கு என்ன குடுத்தவங்கள்?" என்று கேட்டார்.

"போஷகர், அண்ணை."

"பரவாயில்லை. அங்கை பிரபுப் பட்டமே குடுத்தவங்கள்" என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

அடுத்த கிழமையே கடை முதலாளி பின்னறையில் அரிசி மூட்டை அடுக்கினார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு ரோல்ஸ் வாங்கப் போனேன். பின்னறையில் அவர் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தால், மூட்டைகளுக்கு நடுவே ஒரு கதிரையில் தனியாக இருந்து உறுப்பினர் பட்டியல் வாசித்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணை இது?"

"சபையை மூடி நூறு வருசத்துக்கு மேலை போன பிறகு அயர்லாந்திலை அவங்கள், லண்டனுக்குப் போகமாட்டம் எண்டு டப்ளினிலை தாங்களே சபை கூடினவங்கள். கனபேர் சிறையிலை. எண்டாலும் எல்லாற்றை பேரையும் வாசிச்சவங்கள். வராத ஆளுக்கு, சிறையிலை எண்டு பதில் சொன்னவங்கள்."

திரும்பவும் பட்டியலைத் தூக்கினார்.

"சிவம்!" தானே பதிலும் சொன்னார். "மனிசியின்ரை காவலிலை."

"ராசன்!" "வேலையிலை."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"குணம்!"

இந்தப் பெயருக்கு அவர் பதில் சொல்லவில்லை. தலையையும் நிமிர்த்தவில்லை. பேனையோடு காத்திருந்தார்.

"ஓம் அண்ணை, இருக்கிறன்" என்று ஒரு மூட்டையில் உட்கார்ந்தேன்.

பட்டியலில் ஒரு சரி போட்டார். நான் வந்தேனா என்று பார்க்க இந்தப் பெரிய ஊரில் ஒரு மனிதர் இருக்கிறார் என்பது எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.