நீந்தத் தெரிந்த மருமகள்

"ஜூலை 7, திங்கள். நேற்று ஒரு சிறு தவறு செய்தேன். எனக்கு நீச்சல் தெரியும் என்று மாதேஷிடம் சொல்லிவிட்டேன். தெரியாது. அவர் கேட்கவும் இல்லை."

எழுதியதை ஜெயபிரியா மறுபடி படித்தாள். 'சிறு' என்ற சொல்லை அடித்தாள். தவறு எவ்வளவு பெரிது என்று இன்னும் தெரியவில்லையே என்று தோன்றியதும், அடித்ததற்கு மேலேயே அதைத் திரும்ப எழுதினாள்.

அவள் சென்னை பெரம்பூரில் பிறந்து வளர்ந்தவள். வாகனக் காப்பீட்டு அலுவலக வேலைக்காகத் தர்மபுரி வந்தவள். தொப்பூர் இறக்கத்தில் கவிழ்ந்த லாரிகளின் ஓட்டுநர்களை உட்கார வைத்து, நடந்ததை வரிசையாகக் கேட்டு எழுதுவது அவள் வேலை. எல்லோரும் "பிரேக் புடிக்கலைங்க" என்ற இடத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அதற்கு முன்னால் மேட்டில் என்ன நடந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தன் நாட்குறிப்பாவது மேட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்று அவள் நினைத்தாள்.

மேட்டில் நடந்தது இதுதான். மாதேஷ் வத்தல்மலைக்காரன். சாமையும் காப்பியும் கொஞ்சம் காய்கறியும் விளைவிக்கிறான். விடுமுறை நாட்களில் அலுவலகக்காரர்களைக் காட்டுக்குள் நடக்கக் கூட்டிப்போவான். அப்படிப் போன முதல் நாள் ஜெயபிரியா பாறையில் வழுக்கினாள், ஒரு கன்றுக்குட்டிக்குப் பயந்து மரத்தின் பின்னால் நின்றாள், செல்போனுக்கு சிக்னல் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். அவன் சிரிக்காமல் காத்திருந்தான். அதனாலேயே அவள் அடுத்த முறையும் போனாள். மழைக்காலம் முடிவதற்குள் இருவரும் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் செங்குத்தான பாறையில் வெறுங்காலோடு ஏறி, ஒரு தேனடையை எட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான். பதிலுக்குக் காட்ட அவளிடம் ஒன்றுமே இல்லை. அப்போதுதான் அது வாயில் வந்தது.

"நான் மெட்ராஸ் பொண்ணுங்க. கடல் பக்கம். நீச்சல்னா எனக்கு உசுரு."

பெரம்பூருக்கும் கடலுக்கும் நடுவே பாதி சென்னை இருக்கிறது. அது அவனுக்குத் தெரியாது. அவன் சற்று நேரம் பள்ளத்தாக்கையே பார்த்தான்.

"எனக்கும் அப்படித்தாங்க" என்றான்.

அந்த மௌனத்தை அவள் 'பிரமிப்பு' என்று குறித்து வைத்தாள்.

மாதேஷ் அதைத் தன் அம்மா ராஜாமணியிடம் சொன்னான். ராஜாமணிக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. டவுன் பெண் மலையில் நிலைக்குமா? பக்கத்து வீட்டுக்கு வந்த ஈரோட்டு மருமகள் பொங்கலுக்குத் துணி எடுக்க இறங்கியவள், இன்னும் ஏறவில்லை. அதனால் ஆடிப் பதினெட்டு அன்று பெண்ணை நேரில் பார்த்து முடிவு சொல்வதாக இருந்தாள். அன்று அந்தக் குடும்பம் குலசாமியின் அரிவாளை ஒகேனக்கல்லுக்கு எடுத்துப் போய்க் காவிரியில் கழுவிக் கொண்டுவரும். வழக்கமாகப் படியோரமே முக்கி எடுத்துவிடுவார்கள். இந்த முறை அப்படி இல்லை என்று ராஜாமணியே போனில் சொன்னாள்.

"கரையோரம் ஒரே சோப்பு நுரை கண்ணு. சாமிக்கு அது ஆவாது. நீந்தத் தெரிஞ்ச புள்ளைன்னு மாதேசு சொன்னான். தானும் நீந்துவேங்கறான். நீங்க ரெண்டு பேருமே அருவாள எடுத்துக்கிட்டு ஆத்துக்குள்ளார போயி முழுகிட்டு வந்துடுங்க. வூட்டுக்கு வர்ற மருமவ கையால நடக்கட்டும்."

ஜெயபிரியா சரி என்றாள். அன்று மாலையே, பென்னாகரம் சாலையில் இருந்த ஒரு தனியார் குளத்தில் பெண்களுக்கான மாலை வகுப்பில் சேர்ந்தாள். பயிற்சி கொடுத்தவள் அமுதவல்லி. முதல் நாள் ஜெயபிரியா ஓரத்துக் கம்பியைப் பிடித்தாள். அடுத்தடுத்த நாட்களிலும் அதையேதான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் ஏன் போன் எடுப்பதில்லை என்று மாதேஷ் கேட்டான். கன்னட வகுப்பு என்றாள். பெங்களூர் லாரிகள் நிறைய கவிழ்கின்றன, ஓட்டுநர்களிடம் பேச வேண்டும் அல்லவா? காரணம் கச்சிதமாக இருந்தது. அவளே கிட்டத்தட்ட நம்பிவிட்டாள்.

மறுநாள் மாதேஷின் தாய்மாமன் அர்ச்சுனன் போன் செய்தார். பெங்களூரில் பல வருஷம் லாரி ஓட்டி, அங்கேயே கன்னடக்காரப் பெண்ணைக் கட்டியவர். எடுத்த எடுப்பிலேயே "ஊட்டா ஆய்தா?" என்றார். சாப்பிட்டாயா என்று கேட்கிறார் என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது. "ஆய்து" என்றாள். அவருக்கு அத்தனை சந்தோஷம். ஆடிப் பதினெட்டுக்குத் தன் மனைவியையும் மாமியாரையும் கூட்டி வருவதாகவும், அவர்களுக்குத் தமிழ் வராது என்பதால் நாள் பூராவும் மருமகள்தான் துணை என்றும் முடிவு செய்துவிட்டார்.

இனி மதிய உணவு இடைவேளையில் கன்னடம், மாலையில் கம்பி. அவள் கண்கள் சிவந்தன. குளத்தில் போடும் குளோரின் அப்படி எரித்தது.

காலையில் உழவர் சந்தைக்குக் காய் கொண்டு வரும் மாதேஷை எதிர்த்த டீக்கடையில் பார்ப்பது அவள் வழக்கம். அவன் அந்தச் சிவப்பைக் கவனித்தான்.

"என்னங்க, கண்ணு செவந்து கெடக்கு?"

"கம்ப்யூட்டருங்க." அவள் அவனைப் பார்த்தாள். "உங்களுக்கும்தான்."

"தேனெடுக்கப் பொகை போட்டேன்."

"தினமுமா?"

"சீசனுங்க" என்று அவன் டீயைப் பார்த்தபடி சொன்னான்.

ஒரு கட்டத்தில் அவள் தப்பிக்க வழி தேடினாள். காதில் சீழ், டாக்டர் தண்ணீரே கூடாது என்கிறார் என்றாள். மாதேஷின் முகம் அப்படியே மலர்ந்தது. "அப்ப நாம ரெண்டு பேரும் கரையிலயே நின்னுக்கலாங்க. அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றான்.

இவ்வளவு நல்லவனை ஏமாற்றுகிறோமே என்று அவளுக்குத் தோன்றியது. நீச்சலே உயிர் என்று சொன்னவன் தனக்காகக் கரையில் நிற்கிறேன் என்கிறான். அந்தக் குற்ற உணர்ச்சி தாங்காமல் மறுநாளே காது சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டாள்.

மாதேஷ் இருமத் தொடங்கினான். நெஞ்சுச் சளி போல இருக்கிறது என்றான். ராஜாமணி இருவருக்கும் சேர்த்து ஒரு கஷாயம் கொடுத்தனுப்பினாள். ஆடிப் பதினெட்டுக்குள் எல்லாம் கரைந்துவிடும் என்று சொல்லியனுப்பியிருந்தாள்.

காவிரியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட மாட்டார்களா என்று ஜெயபிரியா செய்தி பார்த்தாள். மாதேஷும் அடிக்கடி நீர்வரத்து நிலவரம் கேட்டான். ஆற்றின் மேல் அவனுக்கு அத்தனை ஆசை என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அந்த வாரம் தொப்பூரில் கவிழ்ந்த லாரியின் ஓட்டுநர் ஒருவர், அவள் கேட்காமலேயே, "மேட்டுலயே பிரேக் சரியில்லைன்னு தெரியுங்க. நின்னா லேட்டாயிடுமேன்னு வந்துட்டேன்" என்றார். சொல்லி முடித்ததும் ஒரு பாரத்தை இறக்கி வைத்தது போல அவர் முகம் தெளிந்தது. எழுதிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. மாதேஷுக்குப் பிடித்தது வழுக்கி விழுந்தவளையா, நீந்தத் தெரிந்தவளையா? இரண்டாவது ஆள் உலகத்திலேயே இல்லை. இல்லாத ஒருத்தியை அந்த அம்மா வீட்டுக்குள் சேர்த்து, அவள் கையில் சாமியின் அரிவாளைக் கொடுக்கப் போகிறாள். மலை வேண்டாம் என்று தான் ஓடப்போவதில்லை என்பது ஒன்றுதான் இதில் உண்மை. ஆனால் இதையெல்லாம் சொன்ன பிறகு அதை மட்டும் யார் நம்புவார்கள்?

சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். முதலில் வகுப்பை நிறுத்த வேண்டும். மாலையில் குளத்துக்குப் போய், இனி வரப்போவதில்லை என்று அமுதவல்லியிடம் சொன்னாள். தண்ணீர் தனக்கு ஒத்துவராது, தன்னைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை அவள் பார்த்திருக்க மாட்டாள் என்றும் சொன்னாள்.

ஈரத் துண்டுகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்த அமுதவல்லி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏம்மா அப்படிச் சொல்ற? காலைல ஆறு மணி பொது பேட்ச்ல வத்தல்மலையிலேர்ந்து ஒருத்தரு வராரு, நீ புடிக்கற அதே கம்பியத்தான் புடிச்சிக்கிட்டு நடுங்குறாரு. கேட்டா, கட்டிக்கப் போற மெட்ராஸ் பொண்ணு மீனாட்டம் நீந்துமாம், அந்தப் பொண்ணு முன்னாடி மானம் போயிடக் கூடாதாம்."

"ஜூலை 29, செவ்வாய். நாளை செய்ய வேண்டியது: காலை ஆறு மணி வகுப்புக்கு மாறுவது. கம்பியில் அவருக்கும் இடம் விட்டுப் பிடித்துக்கொள்வது."